எட்டாம் எண்

இடது முன்சக்கரத்துப் பிரேக் காலிப்பரின் நடுவில் மரக்கட்டையைச் செருகிவிட்டு, கோகிலவாணி காற்றுக்குழாயைக் கையில் எடுத்தாள். எடுத்தாளே தவிர திறக்கவில்லை. மணி ஒன்பதரை இருக்கும். பக்கத்து லேத் பட்டறைக்காரர் இன்னும் மெஷினைப் போடவில்லை. கட்டை சரியாக நிற்கிறதா என்று ஆட்டிப் பார்த்தாள், நின்றது. கட்டை இல்லாமல் காற்றை விட்டால் பிஸ்டன் குண்டு மாதிரிப் பாய்ந்து எதிர்ச்சுவரையோ விரலையோ பதம் பார்த்துவிடும். மறுபடியும் ஆட்டிப் பார்த்தாள். முதல் தடவை நின்றது இரண்டாம் தடவையும் நின்றது. பின்சக்கரத்துக் காலிப்பர்கள் இரண்டும் நேற்றே முடிந்துவிட்டன. அவற்றில் இருந்த பழைய அலுமினியப் பிஸ்டன்களைக் கழற்றிவிட்டு, எவர்சில்வரில் கடைந்து வாங்கிய புதியவற்றைப் போட்டாயிற்று. முன்சக்கரங்களுக்கு எவர்சில்வர் போட்டது போன வருஷமே. இப்போது அவற்றைப் பிரித்து, கழுவி, புது சீல் போட்டால் போதும். வலது முன்பக்கத்தைப் பிரித்து முடித்தது இன்று காலையில். உள்குழியில் அவள் மின்பேனாவால் வெட்டிய எண்களோடு ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று வரிசையாக வெளியே வந்து விழுந்தன. ஒவ்வொன்றையும் அளந்தாள், துடைத்தாள், வெள்ளைத் துணியில் வைத்தாள். மனசு எதுவும் சொல்லவில்லை. இனி இது ஒன்றுதான். இதில் ஐந்து, ஆறு, ஏழு, எட்டு. பதினாலு மாதமாக மேஜைக்கடியில் ஒரு பிளாஸ்டிக் கூடையில் கிடந்தது. தினமும் கூடையைச் சுற்றித்தான் கூட்டுவாள். ஒரு நாளும் அதைத் தள்ளிவைத்துவிட்டுக் கூட்டியதில்லை. அந்த இடத்தில் மட்டும் தரை கூடையின் அளவுக்கு வேறு நிறமாகிவிட்டிருந்தது.

பின்னால் ஷெட்டில் கார் தார்ப்பாய்க்குள் நின்றது. சாம்பல் நிறத்து இரண்டு கதவு வண்டி. அவள் கணவன் சம்பத்குமார் நூற்பாலையில் மெயின்டனன்ஸ் ஃபோர்மேனாக இருந்து, மிச்ச நேரத்தையெல்லாம் அதற்குக் கொடுத்து, பதினோரு வருஷம் பந்தயத்தில் ஓட்டிய வண்டி. கோகிலவாணி பம்ப் கம்பெனியில் தரப் பரிசோதனையில் பதினைந்து வருஷம் இருந்தவள். மைக்ரோமீட்டரைப் பிடித்துப் பிடித்து வலது கட்டைவிரலின் ஓரத்தில் ஒரு தழும்பு மாதிரி இருக்கும். அவள் வேலையை விட்டுவிட்டு வீட்டு முன்னால் ஆஸ்பெஸ்டாஸ் போட்ட இந்த இடத்தில் காலிப்பர் பிரித்துக் கட்டும் தொழிலைத் தொடங்கியபோது, முதல் காலிப்பர் அவன் கொண்டுவந்ததுதான். டீக்கடையில் நாலு பேர் இருந்தால் போதும், "ஓடறது எம் பொறுப்பு, நிக்கறது இவ பொறுப்பு" என்பான். எல்லோரும் சிரிப்பார்கள். அவளும் சிரித்திருக்கிறாள். அந்த வாக்கியம் இப்போது அவளுக்குள் எங்கேயோ கிடந்தது, அதற்கு வலியில்லை, நாக்கால் துழாவித் துழாவி மரத்துப்போன பல்லைப்போலக் கிடந்தது. சென்னைப் பக்கத்து டிராக். ஞாயிற்றுக்கிழமை காலை பதினொன்று பத்து. ஃபோன் வந்தபோது அவள் மாவு கரைத்துக்கொண்டிருந்தாள். சம்பத்தின் தம்பி தாமோதரன். "அண்ணி, பிரேக் பிடிக்கலைங்க." அதுதான் அவன் சொன்ன முதல் வார்த்தை. அண்ணனுக்கு அடிபட்டுவிட்டது என்றோ, ஆஸ்பத்திரிக்கு வாருங்கள் என்றோ, பிறகு சொன்ன அந்த இன்னொன்றோ அல்ல. பிரேக் பிடிக்கலைங்க. நீண்ட நேர்பாதை முடிந்து திரும்பும் இடத்தில் வண்டி திரும்பவில்லை, சுவருக்குப் போய்விட்டது. மாவுக் கையோடு ஃபோனைப் பிடித்திருந்ததில் அதன் முகம் முழுக்க மாவு அப்பி, பிறகு காய்ந்து உதிர்ந்தது. அதைத் துடைக்க வேண்டும் என்றுதான் அன்று முழுக்க நினைத்துக்கொண்டிருந்தாள். காரில் போகும்போது நினைத்தாள். அங்கே இறங்கியபோதும்.

லேத் ஓட ஆரம்பித்தது. அந்தச் சத்தம் தரை வழியாக வந்து மேஜைக்கு ஏறி, வெள்ளைத் துணிமேல் இருந்த நான்கு பிஸ்டன்களையும் இலேசாக நடுங்க வைத்தது. எட்டு. அவள் எட்டாம் எண்ணை நினைக்காமல் இருக்கப் பார்த்தாள். நினைக்காமல் இருப்பதற்கே எட்டு என்று சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது. அது பந்தயத்துக்கு முந்தின வியாழக்கிழமை. ஏழு பிஸ்டன்களைப் போட்டு முடித்திருந்தாள். எட்டாவது துளைக்கு சீலை எடுத்தாள். சீல் என்பது ஒரு ரப்பர் வளையம், குறுக்கே பார்த்தால் சதுரம். துளைக்குள் இருக்கும் பள்ளத்தில் அது உட்கார்ந்து பிஸ்டனை இறுக்கிப் பிடித்திருக்கும். மிதியை மிதித்தால் பிஸ்டன் முன்னே போகும், ரப்பர் அதோடு கொஞ்சம் வளையும். காலை எடுத்தால் ரப்பர் நிமிர்ந்து பிஸ்டனைப் பின்னுக்கு இழுத்துவிடும். அவ்வளவுதான் அதன் வேலை. பள்ளத்தில் அது முறுக்கில்லாமல் இருக்கிறதா என்று கண்ணால் பார்க்க முடியாது. விரல் நுனியால் சுற்றித் தடவ வேண்டும். சீலைப் பள்ளத்தில் வைத்தாள். கேஸ் சிலிண்டர்க்காரர் வாசலில் பாத்திரம் தட்டுவதுபோல் சிலிண்டரைத் தட்டினார். எழுந்து போனாள். புத்தகத்தைத் தேடினாள். காலி சிலிண்டரை உருட்டிக்கொண்டு வந்து வைத்தாள். அவர் தண்ணீர் கேட்டார், கொடுத்தாள். சோப்புப் போட்டுக் கை கழுவினாள். கழுவியது ஞாபகம் இருந்தது. திரும்பி வந்து உட்கார்ந்தது ஞாபகம் இருந்தது. அடுத்த ஞாபகத்தில் பிஸ்டன் உள்ளே இருந்தது. நடுவில் விரல் போய்த் தடவியதா? தடவியிருக்கும். பதினைந்து வருஷப் பழக்கம், தலை மறந்தாலும் விரல் மறக்காது. ஆனால் தடவியதை ஞாபகத்தில் தேடினால் கிடைப்பது மற்ற ஏழின் தடவல்தான். எட்டாவதற்கென்று தனியாக ஒன்றும் இல்லை. சிலிண்டர்க்காரரின் காக்கிச் சட்டைப் பையில் இரண்டு பேனா இருந்தது, ஒன்றுக்கு மூடி இல்லை. அது இருக்கிறது. தண்ணீர் டம்ளரின் விளிம்பில் இருந்த நெளிவு இருக்கிறது. விரல் மட்டும் இல்லை. பதினாலு மாதமாக அந்த வியாழக்கிழமைக்குள் போய், கை கழுவிவிட்டு, திரும்பி வந்து, உட்கார்ந்து, மறுபடியும் பிஸ்டன் உள்ளே இருப்பதைப் பார்த்துவிட்டு வெளியே வந்துகொண்டிருந்தாள்.

யாரும் அவளை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பதில் சொல்ல முயன்றிருப்பாள். பதினோராம் நாள், திருச்சியில் படிக்கும் மகள் தர்ஷனா பாயில் படுத்துக்கொண்டு, கூரையைப் பார்த்தபடி, "பிரேக் நீதானம்மா போட்ட?" என்று கேட்டாள். குற்றம் சொல்லும் குரல் இல்லை அது. மழை வருதாம்மா என்பது மாதிரிதான் கேட்டாள். "ஆமா" என்றாள் கோகிலவாணி. தர்ஷனா தலையாட்டினாள். அதற்குப் பிறகு அவள் அதைக் கேட்கவில்லை. ஃபோனில் சாப்பிட்டியா, மாத்திரை போட்டியா என்று கேட்கிறாள், கேட்டுவிட்டு ஒரு நொடி சும்மா இருக்கிறாள், அந்த ஒரு நொடியில் என்ன இருக்கிறது என்று கோகிலவாணிக்குத் தெரியும், அல்லது தெரியும் என்று நினைக்கிறாள். தாமோதரன் வேறு மாதிரி. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வருவான், காய்கறி வாங்கிவந்து கொடுப்பான், தண்ணீர் மோட்டார் ஓடுகிறதா பார்ப்பான். அண்ணனைப் பற்றி மட்டும் பேச மாட்டான். அந்தப் பயணத்தைப் பற்றி, அந்த ஊரைப் பற்றி, எதையும். அவள் எதையாவது தொட்டால் எழுந்துபோய் பைக்கைத் துடைப்பான். நாலு மாதத்துக்கு முன் வண்டியைச் சரிசெய்து இந்த சீசன் தானே ஓட்டப்போவதாகச் சொன்னான். பாடி வேலைக்கு விட்டான், முடிந்து வந்தது. "காலிப்பர் நாலையும் குடுங்க அண்ணி, வெளிய ஒருத்தருகிட்ட பண்ணிக்கறேன். உங்களுக்கு எதுக்குச் சிரமம்" என்றான். இரண்டு வாரம் கழித்து மறுபடியும் கேட்டான். அவள் "நானே பண்றேன்" என்றாள். அவன் முகம் ஒரு மாதிரி சுருங்கியது. அப்போது அவளுக்குப் புரிந்துவிட்டது. இந்தக் கையை நம்பி இன்னொரு தடவை உட்கார அவனுக்குப் பயம். நியாயம்தான். அவளுக்குக் கோபம் வரவில்லை. வலிக்கவில்லை. கடைக்காரர் மீதி சில்லறையை எண்ணிப் பார்த்துவிட்டுத் தருவதுபோல் ஒரு நியாயம். ஆனாலும் கொடுக்கவில்லை. இன்னொருவர் இதைப் பிரித்து, எட்டாம் சீலை முள்ளால் எடுத்து வெளிச்சத்தில் காட்டி, "பாருங்க, முறுக்கிக் கிடந்திருக்கு" என்று யாரிடமோ சொல்வதை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. தானே பார்க்க வேண்டும். பார்த்தபிறகு என்ன என்பது தெரியவில்லை. பிறகும் இந்த அடுப்பு, இந்தக் குழாய், இந்த லேத் சத்தம் எல்லாம் இருக்கும் என்றுதான் தோன்றியது.

தெருக்குழாயில் தண்ணீர் வந்துவிட்டது. பத்து நாளைக்கு ஒரு தடவை வரும் தண்ணீர். எதிர்வீட்டுக் கதவு திறந்து குடங்கள் வரிசையாக வந்தன. காற்றுக்குழாயைக் கீழே வைத்துவிட்டுப் போனாள். போகும்போது ஒரு இலேசான நிம்மதி, பள்ளிக்கூடத்தில் கணக்குப் பரிட்சை தள்ளிப்போனால் வருகிற நிம்மதி. தொட்டியில் குழாயைப் போட்டாள், இரண்டு டிரம் நிறைத்தாள், குடிப்பதற்கு நாலு குடம். தண்ணீர் தொட்டிக்குள் விழுவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். குளிர்ந்த தண்ணீர். கையை விட்டாள், குளிர்ச்சி தெரிந்தது, யாரோ சொல்லித் தெரிவதுபோல. அன்று ஆஸ்பத்திரியில் சம்பத்தைப் பார்த்தபோது கையைத் தொட்டாள்; அதுவும் இப்படித்தான் இருந்தது, இவ்வளவு குளிர் இல்லை. அவன் நகத்துக்கடியில் கிரீஸ் இருந்தது. அதைச் சுத்தம் பண்ணிவிட வேண்டும் என்று தோன்றியது, பண்ணவில்லை, பக்கத்தில் ஆட்கள் நின்றார்கள். தொட்டி நிறைந்து வழிந்து காலை நனைத்தது. எதிர்வீட்டு அம்மா, "ஏனுங்க, வழியுதுங்க" என்றார். குழாயை மூடினாள். இனித் தள்ளிப்போட ஒன்றும் இல்லை. சோற்றுக்கு அரிசி ஊறப்போடலாம். போட்டாள். பிறகு வந்து உட்கார்ந்து, மூக்கை மூடும் துணியைக் கட்டிக்கொண்டு, குழாயை ஆயில் துவாரத்தில் வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றைத் திறந்தாள்.

முதலில் ஏழு வந்தது. டொப் என்று மரக்கட்டையில் மோதி நின்றது. பிறகு ஐந்து. காற்றை நிறுத்திவிட்டு அவற்றைப் பிடிப்பான் போட்டு அடைத்துவிட்டு, மறுபடி திறந்தாள். எட்டு வந்தது. எந்த ஆர்ப்பாட்டமும் இல்லாமல், எண்ணெய் பூசிய பெட்டி இழுப்பறைபோல வந்தது. ஆறு வரவில்லை. அது கிடக்கட்டும். எட்டாம் பிஸ்டனை எடுத்துத் துணியில் வைத்தாள். உள்குழியில் அவள் வெட்டிய எட்டு. அதன் கீழ்வட்டம் மேல்வட்டத்தைவிடப் பெரிதாக, அவள் கையெழுத்து. துளைக்குள் டார்ச்சைப் பிடித்தாள். கறுப்பாக ஆயில் கசடு. துடைத்தாள். விரலை உள்ளே விட்டாள். கண்ணை மூடிக்கொண்டாள், எப்போதும் மூடிக்கொள்வாள். விரல் பள்ளத்தைத் தொட்டு, ரப்பரைத் தொட்டு, மேலிருந்து வலமாகச் சுற்றியது. ஒரு பக்கம். கீழ்ப்பக்கம். இந்தப் பக்கம். மறுபடி மேலே. எங்கேயும் தடுக்கவில்லை. இன்னொரு சுற்று. இடமாகச் சுற்றிப் பார்த்தாள். சீல் பள்ளத்தில் பிறந்ததுபோல உட்கார்ந்திருந்தது. மூங்கில் குச்சியால் அதை மெல்ல நெம்பி வெளியே எடுத்து, ஸ்பிரிட்டில் கழுவி, வாசல் வெளிச்சத்தில் பிடித்தாள். கிழிசல் இல்லை. மடிப்பு இல்லை. நாலு மூலையும் கூர்மையாக இருந்தன. ஒழுகிய தடமும் பின்னால் இல்லை. எட்டாம் எண் சரியாகத்தான் இருந்திருக்கிறது. அவள் காத்திருந்தாள். மார்பிலிருந்து ஏதாவது இறங்கும், கண் கலங்கும், கை நடுங்கும் என்று ஒரு நிமிஷம் அந்த ரப்பர் வளையத்தைப் பிடித்தபடியே காத்திருந்தாள். ஒன்றும் வரவில்லை. லேத் ஓடிக்கொண்டிருந்தது. அரிசி ஊறியிருக்கும் என்று நினைத்தாள். பதினாலு மாதம் ஒரு வீட்டு வாசலில் நின்று கதவு திறக்குமா திறக்காதா என்று பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, திறந்ததும் உள்ளே யாருமே குடியில்லை என்று தெரிந்தால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. சரி, அப்படியானால் எது? யோசனை அங்கே போய்த் தடுக்கி நின்றது. ஆறு ஏன் வரவில்லை?

ஆறாம் எண்ணைப்பற்றி அவள் ஒரு நாளும் நினைத்ததில்லை. அது எந்தக் குழப்பமும் இல்லாமல் போட்டது. இரண்டு கட்டைவிரலையும் வைத்து நேராக அழுத்தினாள், வழுக்கிக்கொண்டு உள்ளே போயிற்று, அவ்வளவு சுலபமாகப் போனதற்காகச் சந்தோஷப்பட்டதுகூட ஞாபகம் இருந்தது. மற்ற மூன்று துளைகளையும் அடைத்துவிட்டு, காற்றின் அழுத்தத்தை ஏற்றினாள். வரவில்லை. துளையைச் சுற்றி வெந்நீர்த் துணியை வைத்துச் சூடாக்கி, மறுபடி ஏற்றினாள். முனகல் மாதிரி ஒரு சத்தம். பிஸ்டன் ஒருபக்கமாகச் சாய்ந்து, அரை விரற்கடை வந்து நின்றது. துணியைச் சுற்றிக் கையால் ஆட்டி ஆட்டி இழுத்தாள். சட்டென்று கையோடு வந்துவிட்டது. வந்ததும் கை மேலே எழும்பியது. கனமான பாத்திரம் என்று நினைத்துத் தூக்கியது காலியாக இருந்தால் கை எழும்புமே, அப்படி. உள்ளங்கையில் வைத்திருந்தாள். கனம் இல்லை. எவர்சில்வரில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அலுமினியம். ஒரு பக்கம் முழுக்க மேல்பூச்சு தேய்ந்து, வெள்ளையாக உரசிப்போயிருந்தது. மறுபக்கம் சூட்டில் கறுத்திருந்தது. திருப்பி உள்குழியைத் துடைத்தாள். எண் இல்லை. எண் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பெருக்கல் குறி. அதுவும் அவள் வெட்டியதுதான். போன வருஷம் எவர்சில்வருக்கு மாற்றியபோது, கழற்றிய எட்டுப் பழையதையும் அளந்து, எட்டும் தேய்ந்திருந்ததால் எல்லாவற்றிலும் குறி போட்டு, ஒரு பிஸ்கட் டப்பாவில் வைத்து, "பழைய இரும்புக்காரர்கிட்டப் போட்டுடுங்க" என்று சம்பத்திடம் கொடுத்தாள். அவன் தலையாட்டினான். மைக்ரோமீட்டரை எடுத்தாள். கை தானாக எடுத்தது. ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஆறு பங்கு குறைவு. அன்றைக்கு அளந்தபோதும் நூறில் ஆறுதான். எழுதி வைத்திருந்தாள்.

இப்போது எல்லாம் தெளிவாக, யாரோ பக்கத்தில் உட்கார்ந்து வகுப்பு எடுப்பதுபோல ஓடியது. தேய்ந்த பிஸ்டன் துளைக்குள் சாய்ந்து சிக்கும். சிக்கினால், சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பேட் அதை விடாது, காலை எடுத்த பிறகும் உரசிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு சுற்றுக்கும் சூடு ஏறும். அலுமினியம் சூட்டைத் தடுக்காது, அப்படியே ஆயிலுக்குக் கொடுத்துவிடும். ஆயில் கொதிக்கும், குமிழி வரும். அந்த நேரத்தில் மிதித்தால் குமிழிதான் நசுங்கும். கால் தரைவரை போகும். இதற்காகத்தானே எவர்சில்வர் போட்டது. இதற்காகத்தானே குறி போட்டது. அவன் யாரிடமும் கேட்காமல், இல்லை, கேட்டிருக்கிறான். சனிக்கிழமை சாயங்காலம் ஏழே முக்காலுக்கு அங்கிருந்து ஃபோன் பண்ணினான். மோட்டார் போட்டியா என்றான். தர்ஷனா பேசினாளா என்றான். பிறகு பேசவில்லை. பின்னால் யாரோ இரும்பைத் தட்டும் சத்தம் கேட்டது. "என்னங்க?" என்றாள். "ஒண்ணுமில்ல. நீ வெய்யி" என்றான். குக்கர் வேறு சத்தம் போட்டுக்கொண்டிருந்தது, வைத்துவிட்டாள். அந்த மௌனத்தை அன்பு என்று எடுத்து வைத்திருந்தாள். கடைசி ஃபோன் என்பதால் அதை அடிக்கடி எடுத்துப் பார்ப்பாள், அதில் அவனுக்கு அவளை விட்டு வைக்க மனசில்லாததுபோல ஒரு இழுப்பு இருந்தது. அந்த இழுப்பின் உள்ளே இந்தப் பிஸ்டன் இருந்திருக்கிறது. சொன்னால் அவள் ஓட்ட வேண்டாம் என்பாள். நிச்சயம் சொல்லியிருப்பாள். கத்தியிருக்கக்கூட மாட்டாள், வேண்டாம் என்று மட்டும் சொல்லியிருப்பாள், அவன் ஓட்டியிருக்க மாட்டான். அவனுக்கும் அது தெரியும். நீ வெய்யி. கோகிலவாணி பிஸ்டனைத் துணியில், ஐந்துக்கும் ஏழுக்கும் நடுவில், அதன் இடத்தில் வைத்தாள். மற்ற மூன்றும் பளபளவென்று இருந்தன.

வாசலில் பைக் நின்றது. ஞாயிற்றுக்கிழமை இல்லை, ஆனாலும் தாமோதரன் கத்தரிக்காயும் கீரையும் வைத்த பையோடு வந்தான். பல்லடத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போவதாகச் சொல்லியிருந்தான்; சீக்கிரம் கிளம்பி வந்திருக்க வேண்டும், சட்டையில் சந்தனம் காயாமல் இருந்தது. உள்ளே வந்தவன் மேஜையைப் பார்த்தான். காலிப்பரைப் பார்த்தான், பிறகு துணியை. பையைக் கீழே வைக்கவும் இல்லை, பிடித்திருப்பதாகவும் தெரியவில்லை. கீரைக்கட்டு பைக்கு வெளியே தொங்கியது.

"உக்காருங்க தம்பி" என்றாள்.

அவன் உட்காரவில்லை. "அடுத்த வாரம்தானுங்க பண்றேன்னீங்க?"

"தண்ணி வர்ற நாள். எப்பிடியும் வீட்லதான் இருக்கணும். அதான் எடுத்தேன்." அவள் குரல் அவளுக்கே எதிர்வீட்டிலிருந்து கேட்பதுபோல இருந்தது. "இது எப்ப மாத்துனீங்க?"

அவன் எதை என்று கேட்கவில்லை. லேத் நின்றிருந்தது, அந்தப் பக்கம் டீ வந்திருக்க வேண்டும், டம்ளர் சத்தம் கேட்டது. பிறகு ஸ்டூலை இழுத்துப்போட்டு, பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

"சனிக்கிழமை சாயங்காலமுங்க. பேட் மாத்திட்டு இருந்தாரு அண்ணன். நான் உள்ள உக்காந்திருந்தேன். மிதின்னு சொன்ன மாதிரி கேட்டுச்சு. அவரு சொல்லலை, பக்கத்து வண்டிக்காரங்க சொன்னது. நான் மிதிச்சுட்டேனுங்க. பேட் இல்லாததுனால பிஸ்டன் வெளிய வந்து கீழ விழுந்துருச்சு. சிமெண்டுத் தரை. ஓரம் நசுங்கிப்போச்சு, திரும்ப உள்ள போகலை." அவன் பையின் காதை முறுக்கினான். "டூல் பாக்ஸ்ல பழசு இருந்துச்சுங்க. ஒரு டப்பால. நான்தான் எடுத்துக் குடுத்தேன். இருக்கறதுல நல்லதாப் பாத்துன்னாரு. டார்ச் அடிச்சுப் பாத்துத்தான் குடுத்தேன்."

"உள்ள குறி போட்டிருந்தேனே."

"பாத்தேனுங்க. அது என்னன்னு எனக்குத் தெரியலை. நம்பர்னு நெனச்சேன்." கீரைக்கட்டைப் பைக்குள் தள்ளினான். "அண்ணனுக்குத் தெரியும். ஒரு நாளைக்கு ஓடும்னாரு. உங்களுக்கு ஃபோன் பண்ணுனாரு, பண்ணிட்டு, சொல்லலைடா, சொன்னா அவ வேண்டாம்பா, அப்பறம் தூங்க மாட்டான்னாரு."

தூங்க மாட்டா. கோகிலவாணி அந்த வார்த்தையைக் கேட்டுக்கொண்டாள். அது எங்கேயும் போய்ப் படவில்லை. பிறகு படும் என்று தோன்றியது. நாளைக்கோ, கறி நறுக்கும்போதோ, பஸ்ஸில் போகும்போதோ.

"நான் பண்ணுனதுலதான் கோளாறுன்னு நெனச்சுட்டு இருந்தேன்" என்றாள்.

"நீங்க அப்பிடி நெனச்சுட்டு இருப்பீங்கன்னு எனக்குத் தெரியாதுங்க அண்ணி."

ஆறாம் துளையிலிருந்து சீலைக் குச்சியால் எடுக்கத் தொடங்கினாள். அது வெந்து, கெட்டியாகி, துண்டு துண்டாக வந்தது.

"தெரியுமுங்க" என்றான் தாமோதரன். முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. "பதினோராம் நாளு தர்ஷனா கேட்டப்ப நான் கதவுக்கு அந்தப் பக்கம்தான் நின்னுட்டு இருந்தேன். அப்பவே சொல்லியிருக்கலாம். மிதிச்சது நானு, எடுத்துக் குடுத்தது நானு. வாய் வரலை. இன்னைக்குச் சொல்லலாம், இந்த ஞாயித்துக்கிழமை சொல்லலாம்னு வருவேன். வந்துட்டு மோட்டாரைப் பாத்துட்டுப் போயிடுவேன். அப்பறம் சொல்லாம விட்டதே ஒரு தப்பாயிருச்சு, அதையும் சேத்துச் சொல்லணுமேன்னு ஆயிருச்சுங்க."

இவனைத் திட்ட வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. எழுந்து, வெளியே போ என்று சொல்லும் ஒரு பெண்ணை அவளால் நன்றாகப் பார்க்க முடிந்தது. அந்தப் பெண்ணின் கை எப்படி நீளும், குரல் எப்படி உடையும் என்பதுகூடத் தெரிந்தது. அவள் எழுந்து வரவில்லை. முப்பத்தாறு வயது ஆம்பளை, மடியில் கீரையோடு, ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமையாக அறுபது தடவை இந்த வாசல்வரை ஒரு வார்த்தையைக் கொண்டுவந்து திருப்பிக் கொண்டுபோயிருக்கிறான். அவள் அதே அறுபது வாரம் கூடையைச் சுற்றிக் கூட்டியிருக்கிறாள். இரண்டு பேரும் ஒரே வீட்டில் ஆளுக்கொரு மூலையில் இருந்திருக்கிறார்கள். சம்பத் இரண்டு பேருக்கும் நடுவில் இருந்து, இருவருக்குமே பேச முடியாத ஆளாகிவிட்டான். அவன் பேரைச் சொன்னால் பிரேக் வரும், பிரேக் வந்தால் நான் வருவேன் என்று ஆளுக்கொரு பக்கம் அவனை விட்டுவிட்டார்கள்.

"தர்ஷனாகிட்ட நீங்கதான் சொல்லணும்" என்றாள். "நான் சொல்ல மாட்டேன். இன்னைக்கே."

"சொல்றேனுங்க."

"இங்க உக்காந்து சொல்லுங்க. என் முன்னால."

அவன் தலையாட்டினான். சட்டைப் பையிலிருந்து ஃபோனை எடுத்து, எடுத்த கையிலேயே வைத்துக்கொண்டிருந்தான். "இப்ப வகுப்புல இருப்பா. ஒரு மணிக்குத்தான் விடுவாங்க."

"சரி. ஒரு மணிக்கு."

மணி பதினொன்றே முக்கால். கோகிலவாணி துளையை ஸ்பிரிட்டில் கழுவினாள். சுவரில் கீறல் இருந்தது, விரலால் தடவிப் பார்த்தாள், ஆழமில்லை, மெருகேற்றினால் போய்விடும். போகாவிட்டால் இந்தக் காலிப்பரையே ஒதுக்க வேண்டியதுதான். "வண்டியை ஓட்டலைங்க அண்ணி. யாருக்காவது குடுத்துடலாம்" என்றான் அவன். "அப்பறம் பேசலாம்" என்றாள். லேத் மறுபடி ஓடியது. ஒரு மணிக்கு இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தது, அந்த நேரத்தை என்ன பண்ணுவது என்று இரண்டு பேருக்குமே தெரியவில்லை. அப்போதுதான் அவளுக்குத் தோன்றியது, அந்தச் சனிக்கிழமை சாயங்காலத்தைப் பார்த்த ஆள் ஒருவன் எதிரே உட்கார்ந்திருக்கிறான் என்று. ஏழே முக்காலுக்குப் பிறகு சம்பத் என்ற ஆளைப் பற்றி அவளுக்கு ஒன்றுமே தெரியாது. நீ வெய்யி என்று சொன்னதிலிருந்து மறுநாள் பதினொன்று பத்துவரை பதினைந்து மணி நேரத்துக்கு மேல். அதில் அவன் நடந்திருப்பான், உட்கார்ந்திருப்பான், யாரிடமாவது ஏதாவது சொல்லிச் சிரித்திருப்பான். அது அவ்வளவும் இவனிடம் இருந்தது. கேட்க ஆளில்லாமல் இருந்தது.

"அன்னைக்கு என்ன சாப்பிட்டாரு?" என்றாள்.

தாமோதரன் நிமிர்ந்து பார்த்தான். கேள்வி புரியாதவன் மாதிரி இருந்தான். பிறகு பையைத் தரையில் வைத்தான். "பரோட்டாங்க" என்றான். "டிராக்குக்கு வெளிய ஒரு கடை இருந்துச்சு. சால்னா காரம்னு சொல்லி, தயிர் வேணும்னாரு. அந்தக் கடைக்காரன், பரோட்டாவுக்குத் தயிரான்னு கேட்டான். ரெண்டு பேருக்கும் பேச்சு வளந்து…"

அவள் குச்சியைக் கீழே வைத்தாள். முகத்தில் கட்டியிருந்த துணியை அவிழ்த்தாள்.

"ம்" என்றாள். "அப்பறம்?"